நீர் விளையாட்டும் நின்றுபோன இடங்காட்டியும்



கச்சான் காற்று வீசும் காலமொன்றில், என் பழைய மாணவர் ஒருவர் அறுகம் குடாவிலே சிறு துடுப்புப் படகேறிக் கடலுக்குச் சென்றார். மணிக்கட்டிலே செய்மதிவழி இடங்காட்டும் கடிகாரம். நெடுநேரம் துடுப்பு வலித்தபின் அதனை நோக்கினார். கரை 300 மீற்றர் தொலைவில் இருப்பதாக அது காட்டிற்று. நிமிர்ந்து பார்த்தபோதோ கரை பன்மடங்கு அப்பாலிருந்தது. கடிகாரம் முன்னரே நின்றுவிட்டது, காற்று நிற்கவில்லை. தென்மேற்கிலிருந்து வரும் கச்சான், கிழக்குக் கரையிலே தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவது. மீனவர் ஒருவர் அவரைக் கரைசேர்த்தார்.

"ஐயா, கருவி பழுதென்று தெரிந்திருந்தால் நேரத்தோடு திரும்பியிருப்பேன், சரியென்று நம்பியதுதான் வினையாயிற்று" என்றார் அவர்.

இவ்வினை நேர்வது எங்ஙனம்? ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றும் ஜீ.பீ.எஸ். செய்மதிகள் ஓயாது நேரக்குறிப்பை வானொலி அலைகளில் அனுப்புகின்றன. குறைந்தது 4 செய்மதிகளின் அலைகள் வந்தடைந்த நேரத்தை ஒப்பிட்டே கருவி தன் இடத்தைக் கணிக்கின்றது. அவ்வலைகள் மிக நலிந்தவை. மணிக்கட்டு நீருள் அமிழ்ந்ததும், சில அங்குல உப்புநீரே அவற்றுக்குப் பெருஞ்சுவராகிவிடுகின்றது.

ஆயினும், நின்றுபோன கருவிகள் யாவும் ஒரே நோயால் நிற்பதில்லை. நோயறிய எளிய வழியொன்றுண்டு. செக்கன் காட்டும் இலக்கத்தைப் பாருங்கள்.

செக்கன் ஓடுகின்றது, இடம் மட்டும் மாறவில்லையெனின், அலை கிட்டவில்லை என்பது பொருள். கையை நீருக்குமேல் உயர்த்தி, வானம் தெரியச் சில நிமிடம் வைத்திருந்தாற் போதும்.

செக்கன் ஓடுகின்றது, தொடுதிரை மட்டும் பணிய மறுக்கின்றதெனின், குற்றம் நீர்த்துளிகளுடையது. விரலின் மின்தன்மையை உணரும் திரை, உப்புநீர்த் துளியையும் விரலென மயங்கும். திரையைத் துடைத்துப் பொத்தான்களைப் பயன்படுத்துக. நீரில் இறங்குமுன்னரே திரையைப் பூட்டிவிடுவது மேல்.

செக்கனும் நின்று, பொத்தானும் பயன்படவில்லையெனின், கருவியே மயங்கிவிட்டது. மின் பொத்தானை 15 செக்கன் வரை, சிலவற்றில் அதனினும் கூடுதலாக, அழுத்திப் பிடித்தால் அது அணைந்துவிடும், மீண்டும் இயக்கலாம். இது அடிக்கடி நேருமாயின், நிறைந்து கிடக்கும் பழைய பதிவுகளை நீக்கி, மென்பொருளைப் புதுப்பித்தல் வேண்டும்.

வருமுன் காத்தலே அறிவுடைமை. மணலில் நின்றபடியே கருவி தன் இடத்தைக் கண்டுகொள்ளும்வரை பொறுத்திருங்கள். நீந்துவோர் அதனை நீச்சற் தொப்பியின்கீழும், படகு வலிப்போர் மிதவைச் சட்டையின் தோளிலும் பொருத்தலாம். கரையேறியதும் நன்னீரிற் கழுவி உலர்த்துங்கள். ஈரம் காயுமுன் மின்னேற்றினால் உப்பு அதன் தொடுமுனைகளை அரித்துவிடும். ஐ.பி.எக்ஸ்.7 என்னும் குறி, 1 மீற்றர் ஆழ நன்னீரில் 30 நிமிடம் தாங்குமென்பதையே குறிக்கும். உப்புநீருக்கும் அலையின் அறைவுக்கும் அஃது உறுதிமொழியன்று.

இவ்வளவு செய்தும் கருவி நிற்கக்கூடும். ஆதலின், செல்லுமிடத்தையும் திரும்பும் நேரத்தையும் கரையிலுள்ள ஒருவரிடம் சொல்லிச் செல்லுங்கள். கரையிலே முன்னொன்றும் பின்னொன்றுமாக இரு அடையாளங்களை, ஒரு பனையையும் ஒரு கோபுரத்தையும், ஒரே நேரில் நிறுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். அவை ஒன்றைவிட்டொன்று விலகினால் நீங்கள் ஒருபுறம் அள்ளுண்டு போகின்றீர்கள். இரண்டும் சிறுத்துக்கொண்டே போனால் கரை உங்களைவிட்டு அகல்கின்றது. அப்பொழுதே படகைத் திருப்புங்கள். என் மாணவர் இப்பொழுதும் கடலுக்குச் செல்கின்றார். கடிகாரத்தை ஒருமுறை பார்த்தால் கரையை இருமுறை பார்க்கின்றார்.