தாய்க்காடையுடன் குஞ்சுகளை வளர்க்கும் முறை

விவசாயத்தோடு உபதொழிலாகக் காடை வளர்க்கும் அங்கத்தினர்களில் பெரும்பாலோர் பொரிப்பகங்களிலிருந்தே குஞ்சுகளை வாங்குகின்றனர். எனினும் புல்லும் புதரும் உள்ள கம்பிவலைக் கூடங்களில் சில சமயம் ஒரு பெட்டைக்காடை தானே முட்டைகளின்மேல் அமர்ந்து குஞ்சு பொரிப்பதுண்டு. இக்குஞ்சுகளுக்கு ஆபத்து மிகுந்த காலம் முதல் இரண்டு வாரங்களே. உஷ்ணம் தருவதும் இரையைக் காட்டுவதும் தாயின் வேலை. தண்ணீர்த் தட்டிலும் வலைக்கண்ணிலும் ஈரத்தரையிலும் உள்ள ஆபத்தைத் தாயால் நீக்க இயலாது. அதைக் குஞ்சு பொரிக்குமுன்பே நீக்கிவைப்பது வளர்ப்போரின் கடமையாகும்.

வளர்க்கத்தக்க இனம்

வளர்ப்பதற்குரியது ஜப்பானியக் காடையே. இவ்வினம் 1974-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலிருந்து தருவிக்கப்பட்டு, பரேலிக்கு அருகிலுள்ள இஜ்ஜத்நகரில் வளர்க்கப்பட்டது. வயல்வெளிகளில் திரியும் காட்டுக்காடைகளைப் பிடிப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

ஜப்பானியக் காடை பல தலைமுறைகளாக முட்டைக்கென்றே தெரிந்தெடுக்கப்பட்டு இயந்திரங்களில் பொரிக்கப்பட்டு வந்தமையால், அடைகாக்கும் குணத்தைப் பெரும்பாலும் இழந்துவிட்டது. ஆகையால் எல்லாப் பெட்டைகளும் அடைகாக்குமென்று நம்பி முட்டைகளை வீணாக்கலாகாது. மறைவும் அமைதியும் உள்ள விசாலமான கூடத்தில் ஏதோ ஒரு பெட்டை மட்டுமே அமரும்.

அடைக்காலம்

முட்டைகள் பொரிக்க 17 அல்லது 18 நாட்கள் ஆகும். பெட்டை அமர்ந்தவுடன், அது இரை தின்ன எழும் சமயம் பார்த்து, முட்டைகளின்மேல் பென்சிலால் ஓர் அடையாளமிட வேண்டும். பின்னர் வேறு பெட்டை அதே இடத்தில் இடும் புதுமுட்டைகளை அடையாளமின்மையால் அறிந்து அன்றாடம் அகற்றிவிடலாம். இதற்குக் காரணம் உண்டு. காடைக்குஞ்சுகள் பொரித்து உலர்ந்ததும் நடக்கத் தொடங்கிவிடும்; தாயும் அவற்றுடன் கூட்டைவிட்டு எழுந்துவிடும். பிந்தி வைத்த முட்டைகளிலுள்ள கரு அப்பொழுது குளிரில் மடியும்.

மற்றப் பெட்டைகளை வேறிடத்திற்கு மாற்றிவிடுவதே நலம். அவை அடைகாப்பதைக் கலைப்பதுடன் குஞ்சுகளையும் கொத்தும். சேவல் சாதுவாயிருப்பின் இருக்கலாம். பெட்டையைத் துரத்தினாலும் குஞ்சை ஒருமுறை கொத்தினாலும் உடனே தடுப்புக்கு அப்பால் விடவேண்டும்.

கூடத்தின் அமைப்பு

பிறந்த குஞ்சின் எடை சுமார் 7 அல்லது 8 கிராம்தான். கோழிக்கூட்டிற்கு இடும் வலையின் கண்களில் அது எளிதில் நுழைந்து வெளியேறிவிடும். திரும்பிவர வழி அறியாது. எனவே கூடத்தைச் சுற்றி அடிப்பாகத்தில் ஒன்றரை அடி உயரத்திற்குக் கால் அங்குலக் கண்ணுள்ள வலையையோ தகரத்தையோ இடைவெளியின்றி அடிக்க வேண்டும். பெருச்சாளியும் கீரியும் தோண்டி நுழையாதபடி அதனைத் தரைக்குள்ளும் ஓர் அடி புதைப்பது அவசியம்.

கூடத்தில் பாதியேனும் மழை படாத கூரையாயிருத்தல் வேண்டும்; அடையிடமும் அதன்கீழேயே அமைய வேண்டும். நனைந்த தரையில் நிற்கும் குஞ்சைத் தாயின் உஷ்ணமும் காப்பாற்றாது. தரையில் உலர்ந்த மணல் பரப்புக. வழுக்கும் காகிதமோ பலகையோ உதவாது. அதன்மேல் நடக்கும் குஞ்சின் கால்கள் விரிந்து முடமாகிவிடும். காடை மிரண்டால் நேராக மேலே எழும்பித் தலையை மோதிக்கொள்ளும் இயல்புடையது. தாய் இவ்விதம் மடிந்தால் குஞ்சுகளும் பிழைத்தல் அரிது. ஆதலால் கூரைக்குக் கீழே மெல்லிய வலைத்துணி ஒன்றைத் தளர்வாகக் கட்டிவைக்கலாம். எறும்புகள் மொய்க்காவண்ணம் சிந்திய தீவனத்தைத் தினந்தோறும் கூட்டித் தள்ள வேண்டும்.

தண்ணீரும் தீவனமும்

தண்ணீர்த் தட்டே குஞ்சுகளுக்குப் பெரிய எமன். அரை அங்குல ஆழமே உள்ள தட்டில் கூழாங்கற்களையோ கோலிக்குண்டுகளையோ நிறைத்து, அவற்றின் இடுக்கில் மட்டும் தண்ணீர் நிற்கும்படி ஊற்ற வேண்டும். முதல் இரண்டு வாரமும் இம்முறையைத் தவறவிடலாகாது.

குஞ்சுத்தீவனத்தில் புரதம் நூற்றுக்கு 24 பங்குக்குக் குறையாதிருத்தல் வேண்டும். அதனை நன்கு பொடித்துச் சலித்து வைக்க வேண்டும். கம்பு, சோளம் மட்டும் போதா. கிராமங்களில் கோழிக்குஞ்சுகளுக்கு இடும் கறையான் காடைக்குஞ்சுகளுக்கும் ஏற்றதே. பூசணம் பிடித்த கடலைப்பிண்ணாக்கு விஷமாகும். முட்டையிடும் காடைகளின் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து மிகுதியாதலால் அது குஞ்சுகளுக்கு ஆகாது. தாயும் குஞ்சுத்தீவனத்தையே தின்னலாம். அதற்கு வேண்டிய கிளிஞ்சல் தூளைக் குஞ்சுகளுக்கு எட்டாத உயரத்தில் தனியே வைக்க வேண்டும்.

தாய் அணைக்காவிடில்

குஞ்சுகள் ஒன்றோடொன்று நெருங்கி இடைவிடாது கத்தினால் அவை குளிரால் வருந்துகின்றன என்று அறியலாம். தாய் அவற்றை அணைக்கவில்லையெனில் காத்திராமல் பெட்டியில் விட்டு விளக்கின் உஷ்ணம் தரவேண்டும். முதல் வாரத்தில் சுமார் 95 டிகிரி பாரன்ஹீட் உஷ்ணம் தேவை. பின்னர் வாரந்தோறும் 5 டிகிரி குறைக்கலாம். இழையுள்ள பழைய மாதிரி மின்விளக்கே இதற்கு உதவும். எல்.இ.டி. விளக்கு வெளிச்சம் தருமேயன்றிப் போதிய உஷ்ணம் தராது. குஞ்சுகள் விளக்கைவிட்டு விலகி ஓடினால் உஷ்ணம் மிகுதி; பரவலாகப் படுத்திருந்தால் அளவு சரியென்பது பொருள்.

பிரிக்கும் பருவமும் சங்கத்தின் பணியும்

மூன்று வாரங்களில் இறகு நிறைந்துவிடும். அப்பொழுது மார்பு செந்தவிட்டு நிறமாயிருப்பது சேவல். கரும்புள்ளிகள் நிறைந்திருப்பது பெட்டை. ஆறு அல்லது ஏழு வாரத்தில் பெட்டைகள் முட்டையிடத் தொடங்குமாகையால் அதற்குமுன் இளஞ்சேவல்களைப் பிரித்துவிட வேண்டும்.

உடன்பிறந்தவற்றை இணைத்தால் ஜப்பானியக் காடையின் வமிசம் வெகுவிரைவில் கெடும். முட்டைகள் பொரியா, பொரித்தவையும் நலிந்து மடியும். தனியொருவர் தம் கூடத்திற்குள் இதற்குப் பரிகாரம் காண இயலாது. கூட்டுறவுச் சங்கமோ எளிதில் காணலாம். எந்தச் சேவல் எந்தக் கூடத்தில் பிறந்தது என்பதை ஒரு குறிப்புப் புத்தகத்தில் பதிந்து, அங்கத்தினர்கள் தங்களுக்குள் சேவல்களை மாற்றிக்கொள்வார்களாயின், செலவேதுமின்றி ஊரிலுள்ள காடைகள் யாவும் வலிமை குன்றாது பெருகும்.