பறந்ததை எழுதி வைத்தீர்களா, புதுவைக்காரர்களே?

ஏறிய ஒவ்வொரு விமானத்தையும் தேதி, வழித்தடம், இருக்கை எண் சகிதம் குறித்து வைக்கும் பழக்கம் உலகெங்கும் பலருக்கு உண்டு, தெரியுமா? ‘அது வெளிநாட்டுக்காரர்கள் பொழுதுபோக்கு’ என்று புதுவையில் யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்! வந்ததையும் போனதையும் எழுதி வைப்பதில் இந்த ஊருக்கு முந்நூறு ஆண்டை நெருங்கும் அனுபவம்!

1736 செப்டம்பரில் எழுத உட்கார்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1761 ஜனவரியில் சாகும்வரை விட்டு விட்டாவது எழுதிக்கொண்டே இருந்தார். எந்தக் கப்பல் துறைக்கு வந்தது, யார் இறங்கினார், எத்தனை பீரங்கி முழங்கியது, அப்போது எத்தனை நாழிகை என்றெல்லாம் குறித்தார். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர், அவர். ஊரில் நடப்பது எதுவும் காதுக்கு வராமல் போகாது. அந்தக் குறிப்புகள் 1846-ல்தான் வெளிச்சத்துக்கு வந்தன. 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் பன்னிரண்டு தொகுதிகள்! அதே குறிப்பிலிருந்து பிரபஞ்சன் எழுதிய ‘வானம் வசப்படும்’ நாவல் 1995-ல் சாகித்ய அகாதெமி பரிசு வாங்கியது. கப்பல் கணக்கிலிருந்து பிறந்த நாவலுக்கு வானம் என்று பெயர்!

சரி, நம் ஊர் வானத்தில் நடந்தது தெரியுமா? லாஸ்பேட்டை விமான நிலையத்தின் ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர்தான். பெரிய ஜெட் இறங்க முடியாது. விசிறி வைத்த சின்ன விமானங்களுக்குத்தான் இடம். 2013 ஜனவரியில் ஸ்பைஸ்ஜெட் பெங்களூருக்குப் பறந்தது. அடுத்த ஆண்டே நின்றது. 2015-ல் அலையன்ஸ் ஏர் வந்தது, அதுவும் நின்றது. 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் உடான் விமானத் திட்டத்தில் ஹைதராபாத் விமானம். 2024 மார்ச்சில் மறுபடி வெறும் ஓடுபாதை. அதே ஆண்டு டிசம்பரில் இண்டிகோ! இப்படி வந்து வந்து மறையும் தடங்களில் போனவர்கள் எழுதி வைக்காவிட்டால், ‘பாண்டியிலிருந்து நேரே பறந்தேன்’ என்பதை நாளைக்குப் பேரப்பிள்ளைகள் எப்படி நம்புவார்கள்?

போர்டிங் பாஸைப் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்கிறீர்களா? அவற்றில் பெரும்பாலானவை வெப்பத்தில் அச்சாகும் தாள். சில ஆண்டுகளில் எழுத்து மங்கி, தாள் வெறுமையாகிவிடும்! பிளாஸ்டிக் உறையில் போட்டால் இன்னும் சீக்கிரம் போய்விடலாம். இதைவிட ஆச்சரியம், பாஸில் உள்ள கட்டக் குறியீட்டில் (பார்கோடு) பயண நாள் எப்படிப் பதிவாகிறது தெரியுமா? ஆண்டின் எத்தனையாவது நாள் என்ற மூன்று இலக்கம்! பிப்ரவரி 1 என்றால் 032. கட்டாயமாக இருக்க வேண்டிய விவரங்களில் ஆண்டே கிடையாது! ஆகவே ஆண்டை நீங்கள்தான் எழுத வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: உங்கள் பெயரும் முன்பதிவு எண்ணும் அதே குறியீட்டுக்குள் இருப்பதால், பாஸைப் படமெடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பாதீர்கள்.

எதை எழுதுவது? தேதி, புறப்பட்ட ஊர், சேர்ந்த ஊர் போதும் என்று நினைக்காதீர்கள். விமானத்தின் பின்பக்க உடலில் ‘விடி’ என்ற எழுத்துகளோடு தொடங்கும் பதிவெண்ணைக் கட்டாயம் எழுதுங்கள். அது ஒன்று போதும், எந்த ஆண்டில் எந்த ஆலையில் செய்த விமானம் என்பதுவரை தேடிக் கண்டுபிடிக்கலாம்! விமான வகையையும் எழுதுங்கள், ஏனென்றால் அனுபவமே வேறு. ஸ்பைஸ்ஜெட் ஓட்டிய கியூ400-ல் இறக்கைக்கருகில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள், புறப்பட்டதும் சக்கரம் மடங்கி என்ஜின் கூட்டுக்குள் போவதைக் கண்ணாலேயே பார்த்தார்கள்! இண்டிகோவின் ஏடிஆரில் சக்கரம் வயிற்றுப் பக்கமாக மடங்கிவிடும், அந்தக் காட்சி கிடைக்காது. ஆனால் பயணிகள் ஏறுவது வால்பக்கக் கதவு வழியாக. பதிவெண் பக்கத்திலேயே இருக்கும். படியில் கால் வைக்கும் முன்பே குறித்துக்கொள்ளலாம்!