கரையும் மண், கரையாத மண்

விநாயகர் சதுர்த்திக்குப் பிறகு பெங்களூரில் அல்சூர் ஏரியை ஒட்டிய கல்யாணியில் (படிக்குளத்தில்) பிள்ளையார்களைக் கரைப்பார்கள். எந்தக் களிமண் பிள்ளையார் முதலில் கரைவார்? ஈரம் மிச்சமிருப்பவர் என்றுதான் பலரும் நினைப்போம். இல்லை, நன்றாகக் காய்ந்தவர்தான்.

வீட்டிலேயே சோதிக்கலாம். பிசைந்த களிமண்ணில் ஓர் உருண்டையை வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். இன்னொன்றை ஈரமாகவே வைத்து, இரண்டையும் வாளித் தண்ணீரில் போடுங்கள். காய்ந்த உருண்டையிலிருந்து குமிழிகள் கிளம்பும், செதில் செதிலாக உதிரும். ஈர உருண்டை வெகுநேரம் அப்படியே கிடக்கும்.

காய்ந்த மண்ணின் நுண்துளைகளில் இருப்பது காற்று. நாலாபக்கமும் தண்ணீர் உள்ளே ஏற, நடுவில் மாட்டிய காற்று நெருக்கப்பட்டு மண்ணைப் பிளந்துகொண்டு வெளியேறுகிறது. ஈர மண்ணின் துளைகளில் ஏற்கெனவே தண்ணீர் இருப்பதால் அந்த நெருக்கடி இல்லை. பழைய களிமண்ணை மீண்டும் பிசைய நினைக்கும் குயவர், அதை நன்றாகக் காயவிட்டுத்தான் ஊறப்போடுவார்.

அதே மண்ணைச் சூளையில் வைத்தால் கதை மாறுகிறது. சுமார் 500 டிகிரி செல்சியஸுக்கு மேல், துளைகளில் இருக்கும் ஈரம் மட்டுமல்ல, களிமண் துகளின் கட்டமைப்பிலேயே பிணைந்திருந்த நீரும் வெளியேறிவிடுகிறது. பிறகு எத்தனை மழையில் நனைந்தாலும் அது சேறாகாது. பீங்கானை 1,200 டிகிரிக்கு மேல் சுடுகிறார்கள்; அந்தச் சூட்டில் உள்ளே ஒரு பகுதி உருகிக் கண்ணாடியாகித் துளைகளை அடைத்துவிடுவதால் தண்ணீர் நுழைய வழியே இல்லை.

இந்தக் கரையாத மண்ணைக் கொண்டு ஒரு பேரதிசயத்தைச் செய்தவர் சண்டிகரின் நேக் சந்த். பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர். சிற்பம் யாரிடமும் படித்ததில்லை. புதிய நகரத்துக்காகக் கிராமங்களை இடித்த காலம் அது. இடிபாடுகளில் கிடைத்த பீங்கான் சில்லு, உடைந்த வளையல், ஆற்றில் பொறுக்கிய கல் எல்லாவற்றையும் சைக்கிளில் கொண்டுபோய், 1950-களின் கடைசியிலிருந்து, அரசின் காட்டு நிலத்தில் யாருக்கும் தெரியாமல் உருவங்கள் செய்துவந்தார்.

சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டுமா என்று நம் ஊரில் கேட்பார்கள். ஒட்டாது, பச்சை மண் காயும்போது சுருங்கிச் சில்லை விட்டு விலகிவிடும். நேக் சந்த் ஒட்டவைத்தது சிமென்ட்டால். சிமென்ட் காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. அப்போது உண்டாகும் பொருள் சில்லின் சொரசொரப்பான விளிம்புகளைக் கவ்விக்கொள்கிறது. வழவழப்பான முகம் வெளியே மழையைத் தாங்குகிறது. சிற்பம் படிக்காத ஒரு மனிதர் இத்தனையையும் கையாண்டார் என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு.

அந்த இடம் 1976-இல் பாறைத் தோட்டமாக மக்களுக்குத் திறக்கப்பட்டது. 1984-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 2015-இல் காலமானார்.

கரையும் மண், கரையாத மண் இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது, பிள்ளையார் சிலைகள் செய்யப் பயன்படும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். நீரில் இறுகி ஜிப்சமாகிவிடும் அது, ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு கிராம் சொச்சம்தான் கரையும். சிலையாக நிலைக்கும் உறுதியும் இல்லை, மண்ணாகத் திரும்பும் குணமும் இல்லை. அடுத்த சதுர்த்திக்குச் சுடாத, வர்ணம் பூசாத களிமண் பிள்ளையாரைக் கேட்டு வாங்குங்கள். கரைக்கும் முன் நன்றாகக் காயவிடுங்கள்.