பழைய காருக்குப் புது ஆயில்

ஒரு வாடகைக் கார் ஓட்டுநரை நினைத்துக்கொள்வோம். அவருடைய கார் 1,20,000 கிலோமீட்டர் ஓடிய கார். கடன் வாங்கி, பழைய காராக வாங்கினார். அந்தக் கார் ஓடினால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரியும்.

ஒரு நாள் வெளியூர்ச் சவாரி. பாதி வழியில் அவருக்கு எதிரே ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. அதில் ஆயில் குடுவையின் படம் தெரிந்தது. “இன்னும் கொஞ்ச தூரம்தானே” என்று ஓட்டினார். சிறிது நேரத்தில் ‘கடகட’ என்று சத்தம் வந்தது. பிறகு என்ஜின் அப்படியே நின்றுவிட்டது.

மெக்கானிக் வந்து பார்த்தார்.

“என்ஜின் பிடித்துக்கொண்டது, அண்ணே. உள்ளே ஆயிலே இல்லை. கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?”

ஓட்டுநருக்கு நினைவு இல்லை. எங்கும் எழுதி வைக்கவும் இல்லை.

சில லிட்டர் ஆயிலை மிச்சப்படுத்தினார். இப்போது முழு என்ஜினையும் பிரித்து வேலை பார்க்க வேண்டும். அந்த நாட்களில் வருமானமும் இல்லை. கடன் தவணை மட்டும் நிற்காது.

இந்த நிலை வராமல் தடுக்க முடியுமா? முடியும். அதற்கு ஆயில் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆயில் செய்யும் வேலை

உங்கள் இரண்டு உள்ளங்கைகளையும் வேகமாகத் தேய்த்துப் பாருங்கள். சூடு ஏறுகிறது அல்லவா? கையில் கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொண்டு தேய்த்துப் பாருங்கள். கை வழுக்குகிறது. சூடு குறைகிறது. மாட்டு வண்டியின் அச்சுக்கு மசகு போடுவதும் இதற்காகத்தான்.

என்ஜினுக்குள் இரும்பும் அலுமினியமும் உரசுகின்றன. என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், ஒவ்வொரு பிஸ்டனும் நிமிடத்துக்கு 3,000 முறை மேலும் கீழும் போய் வரும். ஒரு மணி நேரத்தில் 1,80,000 முறை! நடுவில் ஆயில் படலம் இல்லாவிட்டால் உலோகம் உலோகத்தைத் தின்றுவிடும்.

ஆயில் உரசலை மட்டும் குறைப்பதில்லை. சூட்டையும் எடுத்துச் செல்கிறது. அழுக்கைக் கழுவி ஃபில்டரிடம் சேர்க்கிறது. துருப் பிடிக்காமல் காக்கிறது. பிஸ்டன் வளையத்துக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே உள்ள நுண்ணிய இடைவெளியையும் அடைக்கிறது.

ஆயில் ஏன் கெடுகிறது?

வடை சுட்ட எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சினால் என்ன ஆகும்? கறுத்துப் பிசுபிசுக்கும். என்ஜின் ஆயிலும் சூட்டில் அப்படித்தான் கெடுகிறது. அதோடு எரிபொருளின் கரி அதில் கலக்கிறது. நீராவி கலக்கிறது. உலோகத் துகள் கலக்கிறது. ஆயிலில் சேர்த்திருக்கும் மருந்துப் பொருள்களும் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துபோகின்றன. ஃபில்டர் துகள்களைப் பிடிக்கும். ஆனால் கெட்ட ஆயிலை நல்ல ஆயிலாக்க அதனால் முடியாது.

நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. டீசல் என்ஜினில் புது ஆயிலும் விரைவில் கறுத்துவிடும். அது இயல்பு. ஓடிய தூரத்தையும் கடந்த மாதங்களையும் கணக்கில் வைத்தே மாற்ற வேண்டும்.

வயதான என்ஜின்

மேற்கு வங்கத்தில் உள்ள உத்தர்பாராவில் அம்பாசிடர் கார்கள் தயாராயின. 2014-இல் அந்தத் தயாரிப்பு நின்றது. 1983-இல் வெளிவந்த மாருதி 800 காரின் தயாரிப்பும் 2014-இல் முடிந்தது. இப்படிப்பட்ட கார்களை வைத்திருப்பவர்கள் உதிரிப் பாகம் தேடி அலைய வேண்டியிருக்கும். அவர்களுக்கு என்ஜினைக் காப்பது இன்னும் அவசியம்.

ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய என்ஜினில் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கலாம். அப்போது ஆயில் மேலே ஏறி, எரிபொருளோடு சேர்ந்து எரியும். எரிந்த புகை கீழே இறங்கி, மீதி ஆயிலையும் விரைவில் அழுக்காக்கும். ரப்பர் சீல்கள் இறுகிப்போய் ஆயில் கசியும். ஆகவே பழைய என்ஜினில் ஆயில் குறையவும் செய்யும், கெடவும் செய்யும்.

“குறைந்த அளவுக்கு ஊற்றிவிட்டேனே, மாற்ற வேண்டுமா?” என்று சிலர் கேட்பார்கள். கலங்கிய குளத்தில் ஒரு குடம் நல்ல தண்ணீர் ஊற்றினால் குளம் தெளியுமா? தெளியாது. ஊற்றுவது வேறு, மாற்றுவது வேறு.

வாரம் ஒரு முறை பாருங்கள்

காரைச் சமமான தரையில் நிறுத்துங்கள். என்ஜினை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள். ஆயில் கீழே வடியட்டும். டிப் ஸ்டிக்கை உருவிச் சுத்தமான துணியால் துடையுங்கள். மறுபடி முழுவதும் செருகி எடுங்கள். அதில் இரண்டு கோடுகள் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஆயில் இருக்க வேண்டும். கீழ்க் கோட்டை நெருங்கினால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டக் கூடாது. அளவு மிஞ்சினால் ஆயில் நுரைக்கும். சீல் வழியே கசியும்.

ஆயில் பால் கலந்த தேநீர்போல் இருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது. புகைக் குழாயில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. இரண்டையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஓடும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் ஓரமாக நிறுத்தி, உடனே என்ஜினை அணையுங்கள்.

எப்போது மாற்றுவது? எதை ஊற்றுவது?

வண்டியோடு ஒரு கையேடு வரும். எத்தனை கிலோமீட்டருக்கு அல்லது எத்தனை மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்று அதில் இருக்கும். இரண்டில் எது முதலில் வருகிறதோ, அப்போது மாற்ற வேண்டும். நெரிசலில் நின்று நின்று ஓடும் வண்டிக்கும், புழுதிச் சாலையில் ஓடும் வண்டிக்கும் இன்னும் முன்னதாகவே மாற்றுவது நல்லது.

ஆயில் டப்பாவில் ‘20 டபிள்யூ 40’ என்பது போன்ற எண்கள் இருக்கும். முதல் எண், குளிர்ந்த நிலையில் ஆயில் எப்படி ஓடும் என்பதைச் சொல்கிறது. இரண்டாம் எண், சூடான நிலையில் அதன் கெட்டித்தன்மையைச் சொல்கிறது. கையேட்டில் உள்ள எண்ணையே வாங்குங்கள். பழைய வண்டி என்று மிகக் கெட்டியான ஆயிலை ஊற்றினால் புகையும் சத்தமும் சில நாள் மறையும். ஆனால் காலையில் என்ஜினைக் கிளப்பும்போது அந்த ஆயில் மேலே போய்ச் சேரத் தாமதமாகும். அதற்குள் தேய்மானம் நடந்துவிடும்.

சீல் உடையாத டப்பாவையே வாங்குங்கள். ரசீது கேளுங்கள். காலி டப்பாவைக் கிழித்துப் போடுங்கள். இல்லையென்றால் அதே டப்பாவில் போலி ஆயிலை அடைத்து விற்றுவிடுவார்கள்.

மாற்றும் முறை

என்ஜினைச் சில நிமிடம் ஓட விட்டு அணையுங்கள். வெதுவெதுப்பான ஆயில் எளிதில் வடியும். கொதிக்கும் ஆயில் கையைச் சுட்டுவிடும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகவே கூடாது.

ஆயில் சேம்பரின் அடியில் உள்ள நட்டைக் கழற்றி, ஆயிலைப் பாத்திரத்தில் பிடியுங்கள். முழுவதும் வடிந்த பின் நட்டை வாஷரோடு பூட்டுங்கள். ஃபில்டரையும் மாற்றுங்கள். ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் கொஞ்சம் புது ஆயில் தடவுங்கள். பிறகு அளவாகப் புது ஆயிலை ஊற்றி, என்ஜினைக் கிளப்புங்கள். கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். அணைத்த பின் மீண்டும் அளவு பாருங்கள்.

மெக்கானிக் மாற்றினாலும் பக்கத்தில் நின்று கவனிக்கலாம்.

கழிவு ஆயில் நஞ்சு. அதைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டினால் கிணற்று நீரும் கெடும். மூடிய டப்பாவில் பிடித்து, கழிவு ஆயிலைச் சேகரித்து முறையாக அனுப்பும் பட்டறையில் கொடுங்கள். கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

ஒரு சிறிய நோட்டு

நம் ஓட்டுநர் இப்போது வண்டியில் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். ஆயில் மாற்றிய தேதி, மீட்டர் எண், ஆயிலின் எண் ஆகிய மூன்றையும் எழுதுகிறார். வாரம் ஒரு முறை டிப் ஸ்டிக்கைப் பார்ப்பதால் ஆயில் எவ்வளவு குறைகிறது என்றும் தெரிந்துவிடுகிறது. குறைவது திடீரென்று கூடினால், பெரிய செலவு வருமுன் மெக்கானிக்கிடம் போகிறார்.

“எப்போது மாற்றினீர்கள்?” என்று இனி யார் கேட்டாலும் அவர் நோட்டைப் பிரித்துக் காட்டுவார்.

நீங்களே கணக்குப் போடுங்கள்

1. மீட்டரில் 1,24,600 இருக்கும்போது ஆயில் மாற்றினார்கள். கையேட்டில் 5,000 கிலோமீட்டர் என்று இருக்கிறது. அடுத்து எந்த எண்ணில் மாற்ற வேண்டும்?

2. ஆயில் ஊற்றுவதற்கும் மாற்றுவதற்கும் என்ன வேறுபாடு?

3. உங்கள் ஊரில் கழிவு ஆயிலை எங்கே கொட்டுகிறார்கள்? பட்டறைக்காரரிடம் கேட்டு எழுதுங்கள்.