ஜிமேட் தேர்வா? புத்தகம் வாங்கும் முன் ஒரு மாதிரித் தேர்வு

வணிகப் பள்ளிகளுக்கான நுழைவுத் தேர்வு 'ஜிமேட்'. கோலாலம்பூரில் பேங்க் நெகாரா, அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஸ்லோனுடன் சேர்ந்து 2015இல் தொடங்கிய ஏசியா ஸ்கூல் ஆஃப் பிசினஸ் பற்றிப் படித்தபோதுதான் அந்தப் பெயரே எனக்குத் தெரிந்தது. அப்போது ஈப்போவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். உடனே ஒரு கட்டுப் பழைய புத்தகங்களை வாங்கி, இரண்டு மாதம் வடிவியல் படித்தேன். இப்போதைய தேர்வில் வடிவியலும் இல்லை, கட்டுரையும் இல்லை!

தேர்வு நவம்பர் 2023இல் மாறிவிட்டது. கணிதம், மொழி, தரவு என மூன்று பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம். மொத்தம் 64 கேள்விகள். புள்ளிகள் 205 முதல் 805 வரை. கட்டணம் ஆயிரம் வெள்ளியைத் தாண்டும். எனவே முதலில், நீங்கள் சேர விரும்பும் கல்லூரி ஜிமேட் கேட்கிறதா என்று பாருங்கள். நம் நாட்டில் பல எம்.பி.ஏ. படிப்புகளுக்கு அது தேவையில்லை.

அடுத்து, தேர்வை நடத்தும் அமைப்பே இணையத்தில் இலவசமாகத் தரும் இரண்டு மாதிரித் தேர்வுகளில் ஒன்றை எழுதுங்கள். படிக்காமலேயே எழுதுங்கள். நான் எழுதியபோது கணிதம் பரவாயில்லை. தரவில்தான் விழுந்தேன். தமிழ்ப்பள்ளியில் தமிழிலும் இடைநிலைப்பள்ளியில் மலாயிலும் கணக்குப் படித்தவன் நான். கடிகாரம் ஓடும்போது 'அட் லீஸ்ட்', 'அட் மோஸ்ட்' இரண்டும் குழம்பின.

அந்தப் பகுதியில் ஒருவகைக் கேள்வி விடையைக் கேட்காது. கொடுத்த தகவல் போதுமா என்றுதான் கேட்கும். அது எனக்குப் பிடிபட்டது பாட்டியால். சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் அவர். இன்று அங்கே செம்பனை. "கிராணி பாலை நிறுத்தா மட்டும் போதுமாய்யா? அதுல ரப்பர் எத்தனை விழுக்காடுன்னும் பாக்கணும். தண்ணியும் எடைதானே!" என்றார். எடை மட்டும் போதாது, விழுக்காடு மட்டும் போதாது, இரண்டும் சேர்ந்தால் போதும். கேள்வியின் அமைப்பே இதுதான்.

பிறகு தினமும் ஒரு மணி நேரம், தவறுகளுக்கென்று தனி நோட்டு. விடை தெரியாவிட்டாலும் ஊகித்துவிட்டு நகரப் பழகினேன்; முடிக்காமல் விடும் கேள்விகளுக்குப் புள்ளி குறையும். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும், நேரம் மிச்சமிருந்தால், மூன்று விடைகளை மாற்றலாம்.

புள்ளிகள் ஐந்தாண்டு செல்லும். அதனால் இறுதியாண்டு மாணவர்கள், படிக்கும் பழக்கம் விடுமுன்பே எழுதிவைக்கலாம். இரண்டாவது மாதிரித் தேர்வை மட்டும் தேதி பதிவதற்கு முந்திய வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.