ஆறில் ஒன்று பழுதானால் வாக்கி-டாக்கி ஊமை

பள்ளி முகாமில் காலையில் நன்றாகப் பேசிய வாக்கி-டாக்கி, மதிய உணவுக்குள் ‘பீப்’ என ஒலித்து அடங்கிவிடுகிறதா? இரவு முழுவதும் மின்னேற்றினாலும் அதே கதைதானா? பெரும்பாலும் கோளாறு கருவியில் இருக்காது, பேட்டரியில்தான். ஆனால் கருவி பழைய ரகம் என்றால் புது பேட்டரி கிடைப்பது அரிது. நல்ல கருவி குப்பைக்குப் போய்விடுகிறது.

பழைய வாக்கி-டாக்கிகள் பலவற்றின் பேட்டரி 7.2 வோல்ட். உள்ளே 1.2 வோல்ட் கொண்ட ஆறு நிக்கல் மின்கலன்கள் வரிசையாக இணைக்கப்பட்டிருக்கும். ஒரே மின்னோட்டம் ஆறின் வழியாகவும் பாயும். அவற்றில் ஒன்று நலிந்திருந்தால் அது முதலில் தீர்ந்துபோகும். மற்ற ஐந்தும் விடுவதில்லை. காலியான கலனுக்குள்ளும் மின்னோட்டத்தைத் தள்ளும். அப்போது அதன் நேர்முனையும் எதிர்முனையும் தலைகீழாகின்றன. ஒவ்வொரு முறையும் அது இன்னும் கெடுகிறது. கருவி இயங்கும்போது மல்டிமீட்டரால் அளந்தால் ஐந்து கலன்கள் 1.2 வோல்ட்டைக் காட்ட, ஆறாவது பூஜ்ஜியத்தை ஒட்டி நிற்கலாம்.

அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதாதா? போதாது. ஏனைய ஐந்தும் அதே வயதுடையவை. அடுத்த நலிந்த கலன் வரிசையில் காத்திருக்கும். ஒரே வகை, ஒரே கொள்ளளவு, ஒரே தயாரிப்புத் தொகுதியைச் சேர்ந்த ஆறு புதிய கலன்களைப் போடுவதே முறை.

கலனின் முனையில் நேரடியாகச் சாலிடர் செய்யாதீர்கள். அந்த வெப்பம் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் அடைப்பைப் பாழாக்கும். நிக்கல் பட்டை ஏற்கெனவே பற்றவைத்த கலன்களை வாங்கி, பட்டையோடு பட்டையை இணைக்கலாம். உறையைக் கத்தியால் திறப்பதுதான் பொறுமையைச் சோதிக்கும் வேலை. கத்தி வழுக்கினால் கையும் வெட்டுப்படும், குறுக்குச்சுற்றும் ஏற்படும். பட்டறை ஆசிரியர் பக்கத்தில் இருக்கட்டும்.

பழைய கலன்களோடு ஒட்டிய சிறு வெப்ப உணரியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பல சார்ஜர்கள் அதை வைத்தே பேட்டரி சூடாவதை அறிந்து நிறுத்துகின்றன. புதிய கலனைத் தொட்டபடி அதே இடத்தில் வையுங்கள்.

உறையில் ‘லித்தியம்’ அல்லது 7.4 வோல்ட் என்று இருந்தால் திறக்கவே வேண்டாம். தீப்பற்றும் அபாயம் உண்டு.

கழற்றிய கலன்கள் நிக்கல்-கேட்மியம் வகையாக இருந்தால் அதிலுள்ள கேட்மியம் நச்சு உலோகம். சிங்கப்பூரில் 2021 ஜூலை 1 முதல் மின்கழிவுச் சேகரிப்புத் திட்டம் நடப்பில் உள்ளது. முனைகளை டேப்பால் மூடி, பேட்டரி ஏற்கும் மின்கழிவுத் தொட்டியில் போடுங்கள்.