பதுமைப் படையும் தேற்றமும்

சதுரங்கம் என்னும் சொல்லுக்கு நான்கு உறுப்புகளை உடையது என்பது பொருள். தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையே அவ்வுறுப்புகள். இவற்றுள் காலாளை நாம் எளிதாக எண்ணிவிடுகிறோம். ஆயினும் காலாட்படை ஒரு தன்மையதன்று. வில்லோர், வேலோர், வாளோர் என அதனுள்ளே பல திறத்தார் உளர். அவர்களை இணைத்து நடத்தும் வித்தையை, முதுமை எட்டிப்பார்க்கும் இவ்வயதில், என் பழைய மாணாக்கர் ஒருவரிடம் கற்றேன்.

சென்ற விடுமுறையில் அவர் பிலிமத்தலாவையில் உள்ள என் இல்லத்துக்கு ஒரு பெட்டியுடன் வந்தார். அதனுள் 28 மில்லிமீற்றர் அளவில் வண்ணந் தீட்டிய போர்வீரர் பதுமைகள் இருந்தன. என் அகராதிகளை மேசைமேல் அடுக்கிப் பச்சைத் துணியால் மூடிக் குன்றுகளாக்கினார். படையை அங்குலக்கோலால் அளந்து நகர்த்த வேண்டும். தாக்குதலின் பயனைப் பகடை கூறும்.

இது வெறும் சிறுபிள்ளை விளையாட்டன்று. பிரஷ்ய நாட்டில் வொன் ரைஸ்விட்ஸ் என்பார் 1812இல் இத்தகைய போர்மேசை ஒன்றை அரசனுக்கு அமைத்தளித்தார். அவர் மைந்தர் 1824இல் வகுத்த விதிகள் படை அதிகாரிகளின் பயிற்சிக்கு உதவின. ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913இல் பொம்மை வீரரை வைத்து ஆடும் விதிகளை நூலாகவே வெளியிட்டார்.

முதலாட்டத்தில் திரித்துவக்கு வீரரைத் தனியே முன்னே விடுத்தேன். ஒருமுறை சுட்டனர், மறுபடி மருந்து கெட்டிக்குமுன் எதிரி பாய்ந்து அழித்துவிட்டான். மாணாக்கர் நகைத்து, “ஐயா, துவக்குக்காரனுக்கு வேல்காரனே மதில்” என்றார். பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பியர் கண்ட முறை இதுவே. நெடுவேலோர் பாய்ந்து வருவோரைத் தடுப்பர். அவர்தம் காவலில் துவக்கினர் சுடுவர். இலகு படையினர் காட்டிலும் மேட்டிலும் புகுந்து பக்கங்களைக் காப்பர். ஒருவன் குறையை மற்றொருவன் நிறை மூடுவதே இணைப்பின் இரகசியம். விரைவோன் மெதுவோனை விட்டு ஓடலாகாது. ஒரு பகுதியைக் கடைசிவரை சேமத்தில் நிறுத்தவும் வேண்டும்.

இரண்டாம் ஆட்டத்தில் வென்றேன். ஆனால் என் மனம் மேசையில் நிற்கவில்லை. அயலிலுள்ள தந்துறைக்குச் சென்றது. 1594இல் பேத்ரோ லோப்பஸ் டி சூசா கண்டியை நோக்கிப் படை நடத்தினான். சுடுகலத்தில் வல்ல போர்த்துக்கேயரும், நாட்டு வழிகளை அறிந்த லஸ்கரின் என்னும் உள்நாட்டுக் காலாட்களும் அப்படையில் இணைந்திருந்தனர். மேசைக் கணக்கில் இது குறையற்ற சேர்க்கை! ஆனால், லஸ்கரின்களை நடத்திய சயவீர பண்டார முதலி மீது ஐயங் கொண்டு போர்த்துக்கேயர் அவனைக் கொன்றனர். லஸ்கரின்கள் பிரிந்து சென்றனர். வழிகாட்டியும் பக்கக் காவலும் இழந்த படை திரும்பும் வழியில், அக்டோபர் மாதம், தந்துறையில் அழிந்தது. வென்றவன் பின்னாளில் முதலாம் விமலதர்மசூரியன் எனப் பெயர் பெற்ற கோணப்பு பண்டாரன். அவனும் முன்னர்ப் போர்த்துக்கேயர் பக்கம் இருந்தவனே. 1630இல் ரந்தெனிவெலையில் கொன்ஸ்தந்தீனு டி சா வீழ்ந்தபோதும் லஸ்கரின் படையினர் கண்டியர் பக்கம் சேர்ந்தனர்.

வள்ளுவர் படைமாட்சி அதிகாரத்தில் படைக்குக் காவலாகும் பண்புகள் நான்கினுள் ஒன்றாகத் தேற்றத்தைக் கூறினார். அதற்கு அரசனால் நம்பப்படுதல் எனப் பரிமேலழகர் பொருள் கொண்டார். வீரன் தலைவனை நம்புதல் மட்டுமன்று, தலைவன் வீரனை நம்புதலும் படைக்கு அரண் என்பது இதனாற் பெறப்படும். இப்பாடத்தைப் பல்லாண்டுகள் வகுப்பிற் சொல்லியிருக்கிறேன். அதன் பொருளை அன்றுதான் கண்ணாற் கண்டேன்.

பதுமைக்கு மனமில்லை, வைத்த இடத்தில் நிற்கும். ஆகவே மூன்றாம் ஆட்டத்துக்கு ஒரு புதுவிதி செய்தோம். முதலியின் பதுமையை அவன் தலைவனே அகற்றினால், லஸ்கரின் அணி ஒவ்வொன்றுக்கும் பகடை உருட்ட வேண்டும். மூன்றோ அதற்குக் குறைவோ விழுந்தால் அவ்வணி களம் விட்டு நீங்கும். மாணாக்கர் போர்த்துக்கேயராய் ஆடினார். ஆட்டம் முடியும்வரை அந்த முதலியின் பதுமையை அவர் தொடவேயில்லை.